பம்புக்காரர் தலையாட்டிய ஞாயிறு

தொற்று பரவுகிறது, ஆலயத்தைப் பூட்டுகிறோம் என்று சேதி வந்த அன்று பம்புக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அது சபையார் பார்ப்பதற்கு. உள்ளுக்குள் அவருக்கு ஒரே குதூகலம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் அவர் மேற்பார்வையாளர். ஊர் பல் துலக்க எழுவதற்கு முன் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே வாரத்தில் ஆறு நாள் நாலரை மணிக்கு எழுந்தாக வேண்டும். ஏழாம் நாள் ஏழு மணிக்கு ஆராதனை. உலகத்தைப் படைத்தவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்துக்கொண்டாராம். உலகத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிறவருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகப் பாக்கி நின்ற தூக்கம் அவர் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகளாகத் தொங்கியது.

அன்றே அவர் ஒரு தீர்மானம் எடுத்தார். ஆலயம் திறக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பது மணி வரை தூங்குவது. உலகமே திரண்டு வந்து தடுத்தாலும் சரி.

உலகம் வரவில்லை. மனைவி வந்தாள்.

"என்னங்க, சட்டையை மாத்துங்க. ஏழு மணிக்கு ஆராதனை."

"ஆலயம்தான் பூட்டியிருக்கேம்மா?"

"ஆலயம் பூட்டியிருக்கு. போன் பூட்டல. போதகர் ஐயா லிங்க் அனுப்பியிருக்காரு."

"போன்ல எப்படிம்மா முழங்கால் போடறது?"

"போன்ல போட வேணாம். தரையில போடுங்க."

மனைவி ஆறாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடமும் பூட்டியாகிவிட்டதால் வாரம் முழுக்க லேப்டாப்பில் பாடம். அது போக சபையின் பாடகர் குழு, பெண்கள் ஐக்கியச் செயலாளர் பதவி, வீட்டு வேலை. அவளும் களைத்துத்தான் இருந்தாள். ஆனால் அவள் களைப்பு வாயைத் திறந்து கொட்டாவி விடாது. அதனால் பம்புக்காரர் கண்ணில் அது பட்டதில்லை.

முதல் ஞாயிறு இருவரும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்தார்கள். திரையில் அறுபத்து நாலு கட்டங்கள். ஒரு கட்டத்தில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. ஒன்றில் ஆர்கன்காரரின் நெற்றி மட்டும். போதகர் தன் வீட்டு முன்னறையில், எதிரே போனை நிறுத்திவைத்து, அதற்குப் பிரசங்கம் செய்தார். ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் வழக்கம்போல் 'ஆமென்' வருகிறதா என்று நிறுத்திக் காத்திருந்தார். எல்லார் மைக்கும் அணைந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே சொல்லிக்கொண்டார்.

பம்புக்காரர் பிரசங்கத்தின் இரண்டாம் பகுதியில் விழுந்தார். தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது. அறுபத்து மூன்று வீடுகள் அவருடைய கடைவாய்ப் பல் வரை பார்த்தன.

"வாயைத் திறந்து துதிச்சாரு போல," என்றார் ஆர்கன்காரர் பிற்பாடு. "மைக் அணைஞ்சிருந்ததால நமக்குக் கேக்கல."

இரண்டாம் ஞாயிறு மனைவி கையில் ஒரு கொண்டை ஊசி இருந்தது. கண் செருகும்போதெல்லாம் அது அவர் விலாவில் இறங்கியது. பம்புக்காரர் ஒன்பது முறை துள்ளினார். ஆவியில் நிறைந்துவிட்டார் என்று சபையில் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மோட்டார் அறையில் எலக்ட்ரீஷியனிடம் விலாவைக் காட்டினார்.

எலக்ட்ரீஷியன் சிரித்தார். "அண்ணே, அந்த மீட்டிங்ல முகத்துக்குப் பின்னால ஒரு படம் வைக்கலாம் தெரியுமா? மலை, கடல், அந்த மாதிரி. படம் மட்டும் இல்ல. வீடியோவும் வைக்கலாம்."

"வெச்சு?"

"நீங்க உக்காந்து பிரசங்கம் கேக்கறதை நீங்களே வீடியோ எடுங்க. அதைப் பின்னால ஓட விடுங்க. அப்புறம் முன்னால இருந்து நைசா நழுவிடுங்க."

பம்புக்காரர் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனார். இரண்டு மீட்டர் இடைவெளி விடச் சொல்லி உத்தரவு இருந்ததால் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் படப்பிடிப்பு. படுக்கையறையில் நாற்காலி போட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, எதிரே போனை நிறுத்தினார். பன்னிரண்டு நிமிஷம் நடித்தார். கண்ணை மூடினார், திறந்தார். மூன்று முறை தலையாட்டினார். நெஞ்சில் கை வைத்தார். இடையில் வந்த கொட்டாவியை அடக்கியதில் கண்ணில் நீர் திரண்டது. அதுவும் படத்தில் பக்தியாகவே விழுந்தது.

அன்று மாலை மனைவியிடம் போனார்.

"இந்தாம்மா, நான் இனிமே தனி அறையில உக்காந்துக்கறேன். உன் பக்கத்துல இருந்தா மனசு ஒருமுகப்பட மாட்டேங்குது."

மனைவி அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதிவிட்டேன், நோட்டைத்தான் காணோம் என்று சொல்லும் மாணவனை அவள் பார்க்கும் பார்வை.

"சரி," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் பம்புக்காரர் தூங்கினார். அதைத் தூக்கம் என்று சொன்னால் போதாது. தொட்டியின் அடியில் கல் இறங்குவதுபோல இறங்கினார். கூடத்தில் பாட்டும் வேதவாசிப்பும் நடந்தன. திரையில் அவருடைய பிம்பம் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை உருகிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு எழுந்து, முகம் கழுவி, சாந்தமாக வெளியே வந்தார்.

"பிரசங்கம் எப்படி இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"ஆழமா இருந்துச்சு."

"எவ்வளவு ஆழம்?"

"கண்ணை மூடினா கரையே தெரியல."

மனைவி தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரமும் தூங்கினார். ஒன்பதே காலுக்குப் போன் அடித்தது. ஆர்கன்காரர்.

"பம்புக்காரரே, சும்மா சொல்லக் கூடாது. எல்லார் கண்ணும் கலங்கிடுச்சு."

"எதுக்கு?"

"பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்! சரி, உங்க முட்டி எப்படி இருக்கு?"

"முட்டிக்கு என்ன?"

"மூணு வாரமா சபையே உங்க முட்டிக்காக ஜெபம் பண்ணுது, நீங்க என்னன்னு கேக்கறீங்களே! எழுந்து நிற்போம்னு ஐயா சொல்றப்பல்லாம் நீங்க உக்காந்தே இருந்தீங்க. கேட்டதுக்கு, பாவம் முட்டி வலின்னு டீச்சர் சொன்னாங்க. அந்த வலியோட இவ்வளவு பெரிய பொறுப்பை ஏத்துக்கிட்டீங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்."

போன் அணைந்தது. பம்புக்காரருக்கு மிச்சமிருந்த தூக்கமும் அணைந்தது. அரை நிஜாரோடு கூடத்துக்கு ஓடினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பொறுப்பு?"

"மெதுவா வாங்க. முட்டி வலிக்கப் போகுது."

"என்ன பொறுப்புன்னு கேக்கறேன்!"

"நம்ம சபையில வயசானவங்க இருபத்தொரு பேர் இருக்காங்க. நல்ல போன் கிடையாது, ஆராதனை பார்க்க முடியாது. யாராவது பிரசங்கத்தைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அன்னைக்கே ஒவ்வொருத்தருக்கும் சாதா போன்ல கூப்பிட்டுச் சொல்லணும். இன்னைக்கு அறிவிப்பு நேரத்துல ஐயா கேட்டாரு. என் வீட்டுக்காரர் செய்வாருன்னேன்."

"என்னைக் கேக்காமலா?"

"ஐயா உங்களைத்தான் நேரா கேட்டாரு. செய்யறீங்களான்னாரு. தலையாட்டினீங்க. ஒவ்வொரு வாரமுமான்னாரு. தலையாட்டினீங்க. இருபத்தொரு பேருக்குமான்னாரு. தலையாட்டிட்டு, நெஞ்சுல கை வெச்சு, கண்ணீர் விட்டீங்க."

பம்புக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு... எப்போ தெரியும்?"

"முதல் வாரமே. நான் இங்க உக்காந்து பாடிட்டு இருக்கேன். திரையில உங்களுக்குப் பின்னால நானே வாளியைத் தூக்கிட்டுப் போறேன். பன்னிரண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி போறேன். சனிக்கிழமை துவைச்ச துணி."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்த நேரம்.

"இந்த வித்தையை என் கிளாஸ்ல ஒரு வாண்டு போன மாசமே பண்ணியாச்சு," என்றாள் மனைவி. "அவனாவது கதவைச் சாத்திட்டு எடுத்தான். நீங்க ஏழு மணிக்கு ஓட விடறீங்க. ஒவ்வொரு சுத்துலயும் நாலாவது நிமிஷம் தலையாட்டுறீங்க. அப்போ ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஆட்டணும். அறிவிப்பு கொஞ்சம் சீக்கிரம் வந்துடுச்சு. ஐயாவை ரெண்டு நிமிஷம் பேச்சுல நிறுத்தி வெக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு."

"நான் ஐயாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்!"

"தாராளமா சொல்லுங்க. அடுத்த ஞாயிறு பாவ அறிக்கை நேரத்துல உங்க மைக்கை நானே திறந்து விடறேன். அறுபத்து மூணு வீடும் கேக்கட்டும்."

பம்புக்காரர் உட்கார்ந்தார். மடித்த துணியின் மேல்தான் உட்கார்ந்தார். அதற்கும் திட்டு வாங்கினார்.

அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு அவர் கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு பேச்சை முழுசாகக் கேட்டார். போதகர் நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு விஷயத்தை மூன்றாகப் பிரிப்பார், மூன்றில் ஒன்றை மறந்துவிடுவார். ஒன்பது மணிக்கு மனைவி இருபத்தொரு எண்கள் எழுதிய தாளை நீட்டினாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை முதலில். பம்புக்காரர் சொன்னதை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "இது ரெண்டாவது பகுதி. முதல் பகுதி எங்கே?" என்றார். ஐயாவே அதை விட்டுவிட்டார் என்று சொன்னதை நம்பவில்லை. கவனம் போதாது என்று சொல்லி வைத்தார்.

அடுத்தவர் பழைய தபால்காரர். முழுவதும் கேட்டு முடித்து, "என் வீட்டுக்காரி படுத்த படுக்கை. அவ காதுல வெக்கறேன், இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார். இருபத்தொன்று இருபத்திரண்டாயிற்று.

எல்லாரும் முட்டியை விசாரித்தார்கள். ஒருவர் தைலம் சொன்னார். ஒருவர் பாட்டு கேட்டார். பம்புக்காரர் பாடினார். பாதியில், போதும் தம்பி, ஜெபம் பண்ணிக்கலாம் என்று கேட்டவரே நிறுத்திவிட்டார்.

பதினாறாவது எண் ஒரு கடிகார ரிப்பேர்க்காரர். மனைவி இறந்து தனியாக இருப்பவர். பிரசங்கத்தை அவர் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. "தண்ணி நிலையத்துல இப்போ எத்தனை மோட்டார் ஓடுது?" என்றார். பம்புக்காரர் சொன்னார். "எந்தக் கம்பெனி?" சொன்னார். "சத்தம் எப்படி வரும்?" அதையும் வாயாலே செய்து காட்டினார். இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. மெல்ல விடைபெறப் பார்த்தார்.

"இருங்க தம்பி," என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. "என் குரலை நானே கேட்டு நாலு நாள் ஆச்சு. இன்னும் கொஞ்சம் பேசிட்டு வெச்சிடலாம்."

பம்புக்காரர் வைக்கவில்லை. இரண்டாவது மோட்டாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அதில் பேரிங் தேய்ந்து ஒரு கீச்சுச் சத்தம் வரும். அதையும் செய்து காட்டினார்.

ஒன்றரை மணிக்குக் கடைசி எண்ணுக்கு வந்தார். அது எழுதிவைக்காமலே தெரிந்த எண். மாமியார். மச்சான் வீட்டில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு வார்த்தை பேசுகிற உறவு. தொண்டை கட்டிப்போய், காது சூடேறி, பிரசங்கத்தை இருபத்திரண்டாவது முறையாகச் சொல்லி முடித்தார்.

"நல்லா இருங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். "உங்களைப் பத்தி நான் என்னமோ நினைச்சிருந்தேன். தங்கமான மனசு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை."

"ஒண்ணும் இல்லையா? இந்த வேலையை ஐக்கியத்துல என் மக தலையிலதானே முதல்ல கட்டினாங்க? அன்னைக்கு எனக்குப் போன் பண்ணி அழுதுட்டா. ஆறு நாளும் பள்ளிக்கூடம், ஏழாம் நாள் இதுவுமா, ஒரு ஞாயிறாவது படுத்துத் தூங்க மாட்டேனான்னு. அப்புறம் பார்த்தா நீங்களே முன்னால வந்து வாங்கிக்கிட்டீங்களாமே! எந்தப் புருஷன் செய்வான் சொல்லுங்க?"

பம்புக்காரர் போனை வைத்தார். பிறகு எழுந்தார். நறுக்கென்று நாலு கேள்வி தயார் செய்துகொண்டு, நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. மனைவி கட்டிலின் நடுவே, இரண்டு தலையணையும் தனக்கே வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒன்பது மணிக்குத் தாளைக் கொடுத்துவிட்டு வந்து படுத்தவள். காலில் சாக்பீஸ் நிறத்தில் வெடிப்பு தெரிந்தது. இவ்வளவு நாளில் அவர் அதைப் பார்த்ததில்லை. முதல் கேள்வி வாய்க்கு வரவில்லை. இரண்டாவதைத் தேடினார்.

"அம்மாகிட்ட பேசியாச்சா?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"பேசியாச்சு."

"காலையில ஐயா போன் பண்ணிக் கேட்டாரு. ஆலயம் திறந்த பிறகும் இதை விட்டுடாதீங்க, பெரியவங்க பாவம்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"உங்க ஆயுசு வரைக்கும்னு சொல்லியிருக்கேன். கதவைச் சாத்திட்டுப் போங்க."

பம்புக்காரர் சாத்தினார், சத்தம் வராமல்.