பலாப்பிசின் ஒட்டிய அருவி

ஒரு காட்டில், ஏரிக்கரை மருதமரப் பொந்தில், சுடலைமுத்து என்னும் மரநாய் வாழ்ந்துவந்தது. ஆறு மழைக்காலமாகத் தவளைகளின் பாட்டைப் பதிவு செய்வதே அதன் பிழைப்பும் பித்தும். கருவி சொந்தச் செய்கை. சுற்றுலா வந்தோர் தொலைத்த இயர்போன்களிலிருந்து பிடுங்கிய இரண்டு மைக்குகளை, ஒரு கொட்டாங்குச்சியின் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகக் காதுபோலப் பொருத்தி, காற்றிரைச்சலுக்கு வெள்ளாட்டு மயிர் போர்த்தியிருந்தது. வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைக்க வழியில்லை, பலாப்பிசின்தான். (கொட்டாங்குச்சியன்று, ஆமை ஓடு என்பது மலையடிவாரத்தார் சொல்லும் பாடம். ஆமைகள் அதை ஏற்பதில்லை.)

அவ்வாண்டு வனச்சபை சுற்றறிக்கை விட்டது: ஏரிக்கரையில் ஒலிப்பதிவு செய்யும் உரிமம் இனி ஒருவருக்கே, படிவம் ஏழு, மூன்று நகல். அலங்காரம் என்னும் மயிலும் விண்ணப்பித்தது. அதனிடம் கடையில் வாங்கிய ஸ்டீரியோ மைக், பூட்டுள்ள பெட்டி, உத்தரவாத அட்டை எல்லாம் இருந்தன.

"என்ன சுடலை, சட்னிக்குத் துருவின மிச்சமா இது?" என்றது மயில், கொட்டாங்குச்சியைப் பார்த்து.

"ஆமா. உனக்கு வேணும்னா கொஞ்சம் சட்னி இருக்கு," என்றது மரநாய். உரிமம் போனால் தவளைப்பாட்டும் போயிற்று.

நடுவர் இருவர். காது பெரிது என்பதால் யானை. பாம்புச்செவி என்று ஊர் சொல்வதால் பாம்பு. பாம்புக்குக் காதே இல்லை என்று சுட்டிக்காட்டிய முயலுக்குச் சபை விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

விடியலில் இரு கருவிகளையும் கரையில் அருகருகே வைத்தார்கள். யானை பிளிறியது: "மூச்! போட்டி நடக்குது. எவனாச்சும் சத்தம் போட்டா மிதிச்சுப்புடுவேன்."

தவளைகள் வாயை மூடின. குயில் கூவ வந்ததை விழுங்கியது. சில்வண்டு கூடச் சிறகை இறுக்கிக்கொண்டது. அரை நாழிகை, காடே பிணம்போலக் கிடந்தது. அதில் ஏதும் தவறு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் மயிலின் பதிவு ஓடியது.

"ஒண்ணும் கேக்கலையே?" என்றது யானை.

"ஐயா, அங்க ஒண்ணும் இல்லை. அதான் ஒண்ணும் கேக்கலை. அதுதான் தரம்!"

"இதுக்கா பெட்டி, பூட்டு?"

அடுத்து கொட்டாங்குச்சி. "உஸ்ஸ்ஸ்ஸ்..."

அது பிசினால் ஒட்டிய வயரின் இரைச்சல் என்று சுடலைமுத்துவுக்குத் தெரியும். அது கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் பாம்போ படம் விரித்து மெல்ல ஆடத் தொடங்கியது.

"இடப்பக்கம் அருவி. வலப்பக்கம் தூறல். ஆகா!"

யானையின் கண்ணில் நீர் தளும்பியது.

"ஐயா, அது அருவியில்லை, வயரு..." என்றது மரநாய்.

"பாத்தியா, என்ன அடக்கம்!" என்றது யானை, பாம்பிடம்.

"இந்தக் காட்டுல அருவியே கிடையாதே!" என்று மயில் அலறியது.

"உன் மைக்குக்குக் கேக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?" என்று பாம்பு சீறியது.

உரிமம் சுடலைமுத்துவுக்கே கிடைத்தது. அன்று மாலையே அது மகிழ்ந்து ஓடி, தவளைகளின் பாட்டை ஆசைதீரப் பதிவு செய்து, சபைக்குச் சமர்ப்பித்தது. மறுநாள் புதிய சுற்றறிக்கை வந்தது:

"அருவியின் ஓசைக்கு இடையூறாகத் தவளைகள் கத்துவது பதிவில் தெளிவாகிறது. ஆகவே தவளைகள் யாவும் மூன்று நாளில் ஏரியைக் காலி செய்க."

நீதி: உள்ளதைக் கேட்கும் கருவிக்கு உத்தரவாத அட்டை கிடைக்கும், இல்லாததைக் கேட்கும் கருவிக்கே உரிமம் கிடைக்கும். ஆகவே பிள்ளைகளே, போட்டிக்குப் போகுமுன் வயரைப் பற்றவைக்காதீர்; வென்றபின் மறவாமல் பற்றவையுங்கள்.