ஒரே ஒரு பெண்மணி உபயோகித்தது

அநீதி இழைக்கப்பட்டவர்: எலிசாள், வயது நாற்பத்தெட்டு, என் அம்மா. இழைத்தவர்: ராஜையன், வயது ஐம்பத்து மூன்று, என் அப்பா. இழைத்த விதம்: பத்தொன்பது வருடமாக அம்மா அடித்துச் சம்பாதித்துவந்த தமிழ் டைப்ரைட்டரை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இன்டர்நெட்டில் ஏலத்துக்கு விட்டது.

"வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா, ஜிஷா?" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. விற்பனை வெளியே நடந்திருக்கிறது. இந்தியா முழுவதும் பார்க்கும்படி நடந்திருக்கிறது. நான் மட்டும் ஏன் உள்ளே வைத்துப் பேச வேண்டும்?

இது 2002-இல் நடந்தது. அரசு வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்ட அப்பா, வந்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வேலையில் இருந்தவரை ஃபைலைத் தொடாதவர், ஓய்வுக்குப் பிறகு மௌசை விடவில்லை. அதில் ஓர் ஏலத் தளத்தைக் கண்டுபிடித்தார். அன்றோடு எங்கள் வீட்டில் நிம்மதி தீர்ந்தது.

முதலில் ஒரு கேமரா. இரண்டாயிரத்து நானூறு ரூபாய். விவரத்தின் கடைசி வரியில் 'பெட்டி மட்டும்' என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அப்பா கடைசி வரியைப் படிப்பவர் இல்லை. பெட்டி மட்டும் மிக நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. அம்மா அதில் மிளகாய்வற்றல் போட்டு வைத்தார். அடுத்து, டெல்லியிலிருந்து முந்நூறு ரூபாய்க்குக் கால்பிடிக்கும் மெஷின். அனுப்பும் செலவு தொள்ளாயிரம். விற்றவனின் நம்பகத்தன்மை மதிப்பெண் பூஜ்யம். அதை அவனுடைய அடக்கம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். மெஷின் காலைப் பிடித்தது. பிறகு விடவில்லை. பிளக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் அந்த மாபெரும் தீர்மானம்.

"வாங்குதவன் ஏமாளி. இனி நான் விக்கப் போறேன்."

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மூன்று வருடமாக ஸ்டார்ட் ஆகாத அவருடைய ஸ்கூட்டர் கண்ணில் படவில்லை. அவருடைய எந்தப் பொருளும் கண்ணில் படவில்லை. ஜன்னலோரம் அம்மாவின் டைப்ரைட்டர் பட்டது.

அம்மா பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லைனில் பிறந்தவர். அங்கிருந்து தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸான முதல் பெண். சபைச் சுற்றறிக்கை, நிலத் தகராறு மனு, கல்யாணப் பத்திரிகை, ஆராய்ச்சி மாணவர்களின் தீஸிஸ் என்று திருவனந்தபுரத்தில் தமிழில் அடித்துத் தர ஆள் தேடுபவர்கள் எங்கள் வாசலுக்கு வருவார்கள். என் எம்.ஏ. பரீட்சைக் கட்டணம் வரைக்கும் அந்த மெஷினிலிருந்து வந்ததுதான். அந்த வாரம் என் தோழி ரெஷ்மாவின் எம்ஃபில் தீஸிஸ் பாதியில் கிடந்தது. மொத்தம் இருநூற்று நாற்பது பக்கம். மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும்.

வியாழக்கிழமை அம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

"இதென்ன, என் மெஷின் படம் இதில கெடக்கு?"

"ஏலத்துக்கு விட்டாச்சு. பத்து நாள். அடுத்த ஞாயிறாழ்ச்ச பகல் பதினொண்ணரைக்குத் தீரும்."

"என் மெஷினையா?"

"ஒன் மெஷினா? பில்லு யாரு பேரில இருக்கு? எடு, பாப்பம்."

அந்த பில்லின் கதை எனக்குத் தெரியும். 1983-இல் அம்மா தன் இரண்டு வளையல்களை விற்று, பழவங்காடியில் ஒரு கடையில் மெஷினை வாங்கினார். கடைக்காரர் பேனாவைத் திறந்துகொண்டு, "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டிருக்கிறார். அம்மா சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். வளையல் அம்மாவுடையது, விரல் அம்மாவுடையது, பில் அப்பாவுடையது.

எனக்குப் பொறுக்கவில்லை.

"என் பர்த் சர்ட்டிஃபிகேட்டிலயும் உங்க பேருதான் இருக்கு. என்னையும் ஏலத்துல விடுவீங்களா?"

"ஒன்னை எவன் எடுப்பான், பிள்ளே? இந்த வாயைக் கேட்டா அனுப்புத செலவுகூடக் கிட்டாது."

"உழைக்கிறவங்களுக்குத்தான் கருவி சொந்தம், அப்பா."

"அதை காரியவட்டம் யுனிவர்சிட்டியில போயிப் பேசு. கை தட்டுவாங்க. இஞ்ச பில்லு காட்டு."

அப்பா ஒற்றை விரலால் இரண்டு மணி நேரம் தட்டிய விளம்பரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பழங்காலத் தமிழ் டைப்ரைட்டர். ஒரே ஒரு பெண்மணி உபயோகித்தது. பொருள் வாங்குபவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு பணம் தந்தால் போதும்.'

அந்தக் கடைசி வாக்கியம் அப்பாவின் மூளையில் உதித்ததல்ல. ஆரியசாலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஞானசிகாமணி அண்ணன்தான் மெஷின் போட்டோவை ஸ்கேன் செய்து கொடுத்தவர். யோசனையும் அவருடையதே. "நீங்க புது ஆளாக்கும், மாமா. ஒங்களை நம்பி முன்கூட்டி எவன் ரூவா அனுப்புவான்? சாமானம் வந்து சேந்த பொறவு தந்தா போரும்னு போடுங்க. அப்பதான் ஆளு வரும்."

அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து தீஸிஸைத் தொடர்ந்தார். அப்பா பின்னாலேயே நின்றார்.

"பைய அடி, எலிசா. எழுத்து தேஞ்சா வெல கொறயும்."

"ஞாயிறு வரைக்கும் அடிக்கலாமில்லா?"

"அடி, அடி. நான் என்ன கொடுமைக்காரனா?"

அம்மா அடித்தார். சாவுவீட்டில் அழ வேண்டியவர் சமையலறையில் வேலை செய்வது போல அடித்தார். ஒரு பக்கம் முடிந்து தாளை உருவும்போது மட்டும், மெஷினின் பக்கவாட்டை ஒரு தடவை துடைப்பார்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஒருவர் எண்ணூறு ரூபாய் கேட்டார். அப்பாவுக்குப் போதவில்லை. எதிர்த்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லை. ஆளை அவரே செய்தார்.

செவ்வாய்க்கிழமை அப்பா சந்தைக்குப் போயிருந்தபோது கூரியர் வந்தது.

"எலிசாள் ஆராணு?"

அம்மா தன் பேருக்கு ஒரு கூரியர் வாங்குவது அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரித்தார். ஏலத் தளம் எழுதியிருந்தது: எங்கள் புதிய உறுப்பினர் எலிசாள் அவர்களே, வருக. இது உங்கள் ரகசியச் சொல். உடனே மாற்றிக்கொள்ளவும்.

"என்னை இதில யாரு சேத்தது?"

"அப்பா."

"எதுக்கு?"

விளக்கினேன். விற்கிறவரே வேறு பெயரில் கேட்டு விலையை ஏற்றுவது. அசல் திருட்டுத்தனம். தளமே தடை செய்திருக்கிறது. வாங்குகிறவன் போட்டிக்கு ஆள் இருப்பதாக நினைத்து மேலே மேலே போவான்.

"அப்போ என் மெஷினை விக்க, நானே கூட்டத்துல நின்னு வெல கேக்குதேன்."

"ஆமா, அம்மா. உங்க பேரில."

அம்மா மெஷினில் ஒரு துண்டுத் தாளைச் செருகி, ரகசியச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தமிழில் அடித்துக்கொண்டார். சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி அப்பாவின் மேஜையில் வைத்தார். நான் வாயைத் திறந்தேன்.

"நீ ஒண்ணும் தர்க்கம் பண்ணாண்டாம்," என்றார்.

ரகசியச் சொல்லை மாற்றச் சொல்லியிருந்தது கடைசி வரியில். அப்பாவைப் பற்றித்தான் முன்பே சொல்லிவிட்டேனே.

அன்று மாலையிலிருந்து 'எலிசாள்' ஏலம் கேட்க ஆரம்பித்தாள். ஆயிரத்து ஐந்நூறு. சென்னைக்காரர் ஆயிரத்து அறுநூறு. எலிசாள் மூவாயிரம். சென்னைக்காரருக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தபின் யாரும் பொருளைப் பார்ப்பதில்லை. பழைய சாமான் கடையில் இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் மெஷினுக்கு, சனிக்கிழமை அவர் கேட்டிருந்தது ஆறாயிரம்.

"நிறுத்திட்டேன்," என்றார் அப்பா. "எங்க நிறுத்தணும்னு அறியணும். அதாக்கும் புத்தி."

ஞாயிறு காலை அப்பாவுக்கு முதுகுவலி. சபைக் கோயிலுக்கு வர முடியாது, கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் உட்கார முடியும். அம்மா பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கினார். தெருமுனையில் கோயிலுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அம்மா இடப்பக்கம் திரும்பினார்.

ஞானசிகாமணி அண்ணன் எழுந்து நின்றார். "என்னக்கா, கோயிலுக்குப் போகல்லியா?"

"கர்த்தர் அறிவார். இதில எது வேகமா ஓடும்?"

"எல்லாம் ஆமையாக்கும். மூணாம் நம்பர்ல இரிங்க."

பதினொன்று இருபதுக்கு 'எலிசாள்' உள்ளே நுழைந்தாள். இந்தத் தடவை சொந்த விரல்களோடு.

"இப்பவே போட்டுருவோம், அம்மா."

"இப்பம் போட்டா அவன் மேல போடுவான். பொறு."

"நெட் போயிட்டா?"

"பொறு, மக்ளே."

பதினொன்று இருபத்தெட்டு. இருபத்தொன்பது. அம்மா கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், விசைப்பலகையைப் பார்க்காமல், கடைசிப் பத்து நொடியில் நான்கு எண்களை அடித்தார். 6100.

திரை வெள்ளையாயிற்று. வெகுநேரம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு வந்தது: வாழ்த்துகள், எலிசாள்.

அம்மா சிரிக்கவில்லை. "இதை ஒரு பிரின்ட் எடு," என்றார். ஐந்து ரூபாய் கொடுத்தார்.

வீட்டில் அப்பா பேயறைந்தது போல இருந்தார்.

"எலிசா... மெஷினை எலிசாள்னு ஒருத்தி எடுத்திட்டா."

"நல்ல பேரு," என்றார் அம்மா. அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தார். "கேட்டீங்கல்லா. பில்லு."

விற்றவர்: ராஜையன். வாங்கியவர்: எலிசாள். விற்றவர் தளத்துக்குச் செலுத்த வேண்டிய கமிஷன்: முந்நூற்று ஐந்து ரூபாய்.

இந்தத் தடவை அப்பா கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நான் புகார் எழுதுவேன்!"

"எழுதுங்க," என்றேன். "எலிசாள் பேரில கணக்கு திறந்தது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அம்மா அதற்குள் அதன் முன்னால் உட்கார்ந்து நூற்றி எண்பத்தேழாம் பக்கத்துக்குத் தாள் செருகிக்கொண்டிருந்தார். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தோற்ற மனிதனின் கடைசி வெளிச்சம்.

"சரி. வாங்கிட்டேல்லா? அப்போ ஆறாயிரத்து நூறு ரூவாயை எடு."

"தாறேன்."

"எப்பம்?"

"நீங்க எழுதுன மாதிரிதான். மெஷின் என் வீட்டுல வந்து சேந்த பொறவு."

"அது இஞ்சதானேட்டீ இருக்கு!"

அம்மா தாளை நேராக்கி, முதல் வரியை அடித்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

"அதாக்கும் நானும் சொல்லுதேன். நீங்க இன்னும் அனுப்பல்லே."