வேகத்தைக் குறைக்கும் லீவரை நான் சோதித்த விதம்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். டிராக்டரும் சுகம். மூன்று பேரில் நீங்கள் யாரை முதலில் விசாரிப்பீர்கள் என்று தெரியும் என்பதால் அதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் என் மகளும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் உங்கள் அப்பாவின் டிராக்டரை, அடுத்த மாதம் நடக்கும் பழைய வண்டிகள் அணிவகுப்பில் ஓட்டிப் பார்க்க ஆசை என்றும், சம்பந்தி இருந்திருந்தால் அவரே ஓட்டியிருப்பார் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு உங்கள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, கிளட்சுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் துணைக் கியரை மட்டும் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த 'மெக்கானிக்கைக் கூப்பிட்டு' என்ற இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவன் நான். கடுகளவு சக்கரத்தையே ஓட வைத்தவனுக்குத் தட்டு அகலச் சக்கரம் எம்மாத்திரம்?

விஷயத்தை ஒரே பார்வையில் புரிந்துகொண்டேன். சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு லீவர். அதைப் பின்னால் இழுத்தால், போட்ட கியர் போட்டபடியே இருக்க, வண்டியின் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்து இழுவை கூடும். முன்னால் தள்ளினால் பழைய வேகம். உழும்போது இறுகின மண் வந்தால் வண்டியை நிறுத்தாமலே இழுத்துக்கொள்ளலாம். இவ்வளவுதானே? இதற்கு எதற்கு மெக்கானிக்?

முதலில் ஆயில். ஆயிலில் இரும்புத் துகள் இருந்தால் உள்ளே பல் தேய்கிறது என்று அர்த்தம், அதனால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, அடித்திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கொஞ்சம் என்பது கடிகாரத்தில் ஒரு அளவு, டிராக்டரில் வேறு அளவு போலிருக்கிறது. மொத்த ஆயிலும் என் மார்பில் இறங்கியது. அதைப்பற்றி நான் கவலைப்படவில்லை, ஏன்னா அந்த ஆயிலுக்குள்ள, லென்ஸ்ல பெருசா, பளபளன்னு முழுசா ஒரு பல்சக்கரம் கிடந்தது. எனக்கு உயிரே போயிடுச்சு. மாப்பிள்ளை வண்டியோட குடல் கழண்டு விழுந்துடுச்சேன்னு அதைக் கைக்குட்டையில் பொத்தி எடுத்துக்கிட்டு, ஆயில் சொட்டச் சொட்ட இறக்கத்துல இருக்கற டீசலம்மா பட்டறைக்கு ஓடினேன். இந்த வட்டாரத்தில் டிராக்டர் என்ஜினைப் பிரித்துப் பூட்டுவதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் இல்லை. அவர் அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"சார், இது டிராக்டர்ல இருந்து விழுந்திருந்தா, அந்த டிராக்டரை நீங்க கையிலதான் கட்டிக்கணும்."

என் சட்டைப் பையிலிருந்து விழுந்த கடிகாரச் சக்கரம் அது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் ஒப்புக்குச் சிரித்துவைத்தேன். அவர் கூடவே வந்து, திருகில் ஒட்டியிருந்த பொடியைத் தடவிப் பார்த்து, இது வயசுக்கு உண்டான தேய்மானம்தான் என்று சொல்லி, புது ஆயில் ஊற்றி மூடினார். "மீதியை நாளைக்குக் காலையில வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் தயவுசெய்து எதையும் தொடாதீங்க" என்றார். எனக்கு அது என்னமோ சவால் விட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே மதில் சுவரிலிருந்து வாசல் கேட்டு வரைக்கும் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டேன். மூன்றாவது கியர், ஒரே என்ஜின் வேகம். லீவர் முன்னால் இருந்தபோது பன்னிரண்டு வினாடி, பின்னால் இழுத்தபோது பதினெட்டு. உங்கள் அத்தைதான் பக்கத்தில் நின்று நேரம் குறித்தாள். கணக்குக் கச்சிதம், மாப்பிள்ளை! கடிகாரமே தோற்றது! அதோடு நிறுத்தியிருக்கலாம். டீசலம்மா வருவதற்குள் நாமே பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, 'பார்த்தீங்களா அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பட்டறைக்கு இறக்கம் என்று சொன்னேன் அல்லவா? இறக்கத்தில் மெதுவாகப் போவதுதானே புத்திசாலித்தனம், அதனால் கேட்டைத் தாண்டினதும் லீவரைப் பின்னால் இழுத்தேன். என்ஜின் சத்தம் சாதுவாகக் குறைந்தது. வண்டி குறையவில்லை. சரி, கொஞ்சம் பொறுத்துக் குறையும்னு பார்த்தா, அது பாட்டுக்கு ஓடுது! என்ஜின் தூங்குது, சக்கரம் பறக்குது, எதிர்ல வந்த பால்காரர் சைக்கிளைப் போட்டுட்டு வேலிக்குள்ள குதிக்கிறார், பின்னால உங்க அத்தை ஸ்டாப்வாட்சும் கையுமா "பிரேக்கு! பிரேக்கு!"ன்னு ஊரே அதிரக் கத்திக்கிட்டு ஓடி வர்றா. நான் கலங்கவில்லை. கப்பல் தலைவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினேன். டிராக்டரில் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் ஒன்றாகப் பிரேக் பெடல் இரண்டு என்பதை எந்த மகானுபாவனும் எனக்குச் சொல்லவில்லை. வலது பெடலை மட்டும் மிதித்ததால் வண்டி வலது பக்கமே திரும்பி, கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டு வாசலில், மணல் குவியலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வீடு கட்டும் மேஸ்திரி மட்டும், "அந்தப் பக்கம் செங்கல் இருந்துச்சு, இந்தப் பக்கம் திரும்பினீங்களே, நல்ல மனசு" என்றார்.

டீசலம்மா பட்டறையிலிருந்து ஓடி வந்தார். லீவர் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தார். "லீவரை மெதுவுல போட்டுட்டா இறக்கத்துல இறங்கினீங்க? சைக்கிள்ல இறக்கம் வந்தா பெடல் நிக்கும், சக்கரம் ஓடும்ல, அதே மாதிரி ஒருவழிச் சக்கரம் இதுக்குள்ள இருக்கு. மெதுவுல என்ஜின் வண்டியைத் தள்ளும், பிடிச்சு நிறுத்தாது. இறக்கத்துல லீவரை வேகத்துல போட்டாத்தான் வண்டி மெதுவாப் போகும்."

மெதுவாகப் போக வேகத்தில் போட வேண்டுமாம்! இப்படி ஒரு நியாயத்தை எந்தக் கடிகாரத்திலும் நான் பார்த்ததில்லை.

பிறகு அவரே ஏறி, வண்டியை மணலிலிருந்து எடுத்து, மெதுவில் போட்டு அந்த ஏற்றத்தில் ஏற்றினார். வழுக்கவில்லை, லீவர் துள்ளவில்லை, உள்ளே கரகரப்பு இல்லை. "துணைக் கியர் பத்திரமா இருக்கு. உங்களைத்தான் சரி பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, நீங்கள் சொன்ன வேலை முடிந்தது. இனி அந்த டிராக்டரில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். நடந்த அத்தனை தவறும் என்னுடையது. உங்கள் அத்தையின் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது. மகளிடம் இதைச் சொல்ல வேண்டாம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், போகிற வழியெல்லாம் சமதரையாக அமைந்து வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். தபால்ல போடச் சொல்லி மாமா குடுத்தார், பிரிச்சுப் படிச்சுட்டேன். அன்னைக்கு வண்டி ஓட்டினது நான். அவர் முழங்காலுக்குக் கிளட்ச் மிதிக்க வராது. பின்னால கத்திக்கிட்டு ஓடி வந்தது அவர்தான். "மாப்பிள்ளை என்ன நினைப்பாரு, என் பேரை எழுதாதீங்க"ன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன், பாவம், பழியை எல்லாம் தன் தலையில போட்டுக்கிட்டார். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கப்பல் தலைவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்ததும் தான்தான்னு எழுதியிருக்காரே, அதை என்னால விட முடியலை. சத்தியம் பண்ணினது அவர், நான் பண்ணலை. ஒரு வாரமா டீசலம்மா எனக்கு இறக்கத்துல ஓட்டச் சொல்லித் தர்றாங்க. அணிவகுப்புல ஓட்டுறவங்க பட்டியல்ல என் பேரைக் குடுத்துட்டேன். நீங்க குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்து ஓரமா நின்னு பாருங்க.