உப்புக்கு அடியில் இரண்டு மேடுகள்

பெருமதிப்பிற்குரிய யுலினா அக்காவுக்கு,

ரியோவிலிருந்து தம்பி வால்டெமிரோ பணிந்து எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு சுகம், மனம்தான் கொதிக்கிறது. வேலையை விட்டுவிட்டேன்.

நடந்ததைக் கேள். ஆழ்கடல் தரைக்குக் கீழே மலையளவு கனத்தில் உப்பு கிடக்கிறது. அதற்கும் அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. கப்பலிலிருந்து நீருக்குள் காற்றை வெடிக்க வைப்போம். கடல்தரையில் இறக்கிய கருவிகள் அந்த அதிர்வைக் கேட்கும். பக்கத்தில் வெடித்தால் அதிர்வு உப்பில் முட்டிச் சிதறி, படம் குழம்பிவிடும். வெகுதூரம் போய் வெடித்தால்தான் அது உப்புக்கும் கீழே இறங்கி, வளைந்து, மேலேறி வந்து உள்ளதைச் சொல்லும். இது என் மேலாளர் ஒட்டாசிலியோவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! ஆனாலும் பக்கத்து வெடிகளின் படத்தில் எண்ணெய் தேங்கி நிற்கிற மாதிரி ஒரு மேடு தெரிந்ததும், பிள்ளை பிறந்த மாதிரி ஊரெல்லாம் காட்டித் திரிந்துவிட்டு, "இங்கதான்யா எண்ணெய்! கிணறு தோண்டிரலாம், கப்பலைத் திருப்புங்க" என்று கரையிலிருந்து உத்தரவு போட்டார். உண்மையான மேடு மேற்கே இருக்கிறது என்று சத்தியம் செய்தவன் நான், விடுவேனா? கப்பல் தலைவி ஜந்தீராவிடம் ஓடி, "அம்மா, இன்னும் கொஞ்ச தூரம் போங்க" என்று கெஞ்சினேன்.

"தப்பான இடத்துல தோண்டினா என்ன ஆகும் சார்?" என்றாள்.

"பணம் போகும். கிணத்துல அழுத்தம் எகிறிச்சுன்னா ஆளும் போவான்!"

அதற்குள் ரேடியோவில் ஒட்டாசிலியோ: "உன் மேடு வரலைன்னு பொறாமையிலதானே குதிக்கிற?"

"என் மேடு உப்புக்கு அடியில இருக்கு. உங்க மேடு உங்க கண்ணுல இருக்கு! நான் ராஜினாமா பண்றேன்!"

முழுக் கப்பலும் கேட்டது. பீன்ஸ் பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரர், "ராஜினாமா பண்ணினவருக்கும் ரெண்டாவது கரண்டி உண்டா சார்?" என்றார். மனிதர்களா இவர்கள்? மறுநாள் ஹெலிகாப்டரில் என்னை மூட்டை போல ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தேவமாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும்; ஒட்டாசிலியோவை மட்டும் கவனிக்காமல் விடட்டும்.

அன்புத் தம்பி,
வால்டெமிரோ

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்க மறந்து மாதங்களாகிவிட்டன. ஜந்தீரா உத்தரவுப்படி கப்பலைத் திருப்பத்தான் திருப்பினாளாம். திரும்புகிற வட்டம் மட்டும் கொஞ்சம் பெரிதாகி, எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டதாம், வழியெல்லாம் வெடித்துக்கொண்டே. புதுப் படம் நேற்று வந்தது. ஒட்டாசிலியோவின் மேடு இல்லை, கிணற்றைக் கைவிட்டார்கள். மேற்கே என் மேடும் இல்லை, அக்கா. அங்கே உப்புதான், அதற்குக் கீழே இன்னும் உப்பு. நானும் அவரும் தோளில் கை போட்டுக்கொண்டு பீர் குடித்தோம். அன்று ரேடியோ இரைச்சலில் நான் என்ன சொன்னேன் என்று யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை என்று முடிவாகியிருக்கிறது. திங்கட்கிழமை கப்பலேறுகிறேன்.