இன்னும் விழாத பொருள்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீங்களும் எங்கள் மகள் பாப்பாவும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குறிப்பாக உங்கள் மூக்குக் கண்ணாடி உடையாமல் இருக்கும் என்று நம்புகிறேன். எந்த மாமனாரும் மருமகனின் கண்ணாடியைத் தனியாக நலம் விசாரிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "மாமா, ராத்திரி சரியா தூங்குனீங்களா?" என்று கேட்பீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை மாற்றலாகிப் போனபோது உங்கள் காரை எங்கள் ஷெட்டில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் "பானெட்டைத் திறக்க வேண்டாம்" என்று ஒரு சீட்டையும் ஒட்டிவிட்டுப் போனீர்கள். நான் திறந்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வந்து காரை எடுத்துக்கொண்டு, பாப்பாவையும் உட்காரவைத்து மலைப்பாதை வழியாக ஓட்டிப் போகப்போவதாகச் சொன்னீர்கள் அல்லவா, அதற்குள் பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து வைத்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். நல்லது செய்யப்போகிறவன் எவனும் சீட்டுகளைப் படிப்பதில்லை. பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாக மடக்கிவைத்தேன். அடுத்ததாக, என் நீல வண்ணம் பூசிய ஸ்பானர் கைநழுவி எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ளே போயிற்று. போனது ஆச்சரியமில்லை, போய்ச் சேர்ந்த சத்தம் கேட்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். கீழே தவழ்ந்து பார்த்தேன். தரை துடைத்துவிட்டது போல இருந்தது. பிறகு ஒரு நட்டு விழுந்தது. அது எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க, அதே அளவில் இன்னொரு நட்டை அதே இடத்திலிருந்து வேண்டுமென்றே போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். இதைப் பலரும் செய்வார்கள், நான் மட்டும்தான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதும் சத்தமில்லாமல் போயிற்று. அடுத்து அத்தையின் அடுப்படி இடுக்கியை எடுத்துவந்து துழாவினேன். அதுவும் போயிற்று.

"சூடான பாத்திரத்த இனி உங்க கையால இறக்குங்க" என்றாள் அத்தை.

பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். ஏதோ கனமாக ஒட்டியது. இழுத்தால் முழ நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர், மரக் கைப்பிடியில் சுருட்டு சுட்ட தழும்போடு. மாசக்கணக்கில் ஓடாத வண்டி, அதுவும் பேட்டரி கழற்றிய வண்டி. ஆனால் அந்த ஸ்க்ரூடிரைவர் யாரோ இப்போதுதான் கையிலிருந்து விட்டது போல வெதுவெதுப்பாக இருந்தது. நான் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தவன். குடைகளும் பல்செட்டுகளும் ஒரு மாப்பிள்ளையின் கல்யாணச் செருப்பும் என் மேஜையைத் தாண்டித்தான் வீடு போயிருக்கின்றன. கிடைத்த பொருளுக்கு அட்டை கட்டுவது, அடையாளம் சொல்பவருக்கு மட்டும் கொடுப்பது, இந்த இரண்டும் என் ரத்தத்தில் ஊறியவை. ஸ்க்ரூடிரைவருக்கும் ஓர் அட்டை கட்டினேன்.

மறுநாள் காந்தத்தில் ஒரு பேனா வந்தது. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த எஃகுப் பேனா, என் பெயர் பொறித்தது. அதை யாரும் தொலைத்திருக்க முடியாது, ஏனென்றால் அது என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூடியில் நான் கடித்த பல் தடம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. உள்ளே எங்காவது பேனாக் கூடு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சட்டைப் பையில் இருந்த பேனா நழுவி உள்ளே விழுந்தது. சத்தம் கேட்கவில்லை. கையில் ஒன்று மிச்சம் இருந்தது. நஷ்டம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் மிச்சமிருந்ததைப் பையில் வைக்காமல் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பூட்டிவைத்தேன்.

இது மெக்கானிக் பார்க்கவேண்டிய விஷயம் என்று தெருமுனைப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்குத் தெருவில் 'காது' என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டே நோய் சொல்வார், பாதி சமயம் சரியாக. வந்தவர் பையிலிருந்து அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மரக் கைப்பிடி. சுருட்டு சுட்ட தழும்பு. நான் அட்டை கட்டி வைத்திருந்ததைக் காட்டவில்லை. அடையாளம் சொல்லாமல் காட்டுவது விதிக்கு விரோதம்.

"வண்டி ஓடல, பேட்டரி கழட்டியாச்சு. என்னத்த சார் கேக்குறது?" என்று அலுத்துக்கொண்டே காதை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. முகத்தில் இருந்த கேலி மெல்ல வடிந்தது.

"என்ன கேக்குது?" என்றேன்.

"சார், உள்ள யாரோ தேடுறாங்க."

"என்னத்த?"

"அது தெரியல. கைய விட்டு விட்டுத் துழாவுறாங்க. நடுநடுவுல உச்சுக் கொட்டுறாங்க. 'இங்கதான் இருந்துச்சு, இங்கதான் இருந்துச்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

அத்தை வாசற்படியிலிருந்து இறங்கிவந்தாள். "அது நம்ம மாப்பிள்ளை தேடுற மாதிரியே இருக்கே" என்றாள். சாவி, செருப்பு, போன், எதைத் தேடினாலும் நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள், பாப்பா எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள். இதைக் கேட்டதும் 'காது' துள்ளி நிமிர்ந்தார். ஸ்க்ரூடிரைவர் நழுவி உள்ளே போயிற்று. மூன்று பேரும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

"சார், அது எங்கப்பா வச்சிருந்தது சார்" என்றார், அழாத குறையாக.

நான் வீட்டுக்குள் போய், அட்டை கட்டியதை எடுத்துவந்து பின்னால் மறைத்துக்கொண்டு, "அடையாளம் சொல்லுங்க" என்றேன். சொன்னார். கொடுத்தேன். தொழிலில் இவ்வளவு சீக்கிரம் ஒரு பொருளை உரியவரிடம் ஒப்படைத்ததில்லை: அது தொலைவதற்கு முன்பே அட்டை தயாராக இருந்தது. அவர் அட்டையை ஒரு பார்வை பார்த்தார், காரை ஒரு பார்வை பார்த்தார், கூலி கேட்காமல் போய்விட்டார். இப்போது எங்கள் தெருவை விட்டுச் சுற்றுவழியாகப் பட்டறைக்குப் போகிறார்.

"அப்ப இனிமே விழப்போறதத்தான் இது குடுக்குது" என்றாள் அத்தை. "அப்ப இதுவரைக்கும் விழுந்தது எங்க போச்சு? என் இடுக்கி எங்க?"

அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் மாப்பிள்ளை. ஏனென்றால் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். உங்கள் பழைய பனியன் துணியில் சுற்றி, நூல் கட்டி, உள்ளே தள்ளி வைத்திருந்தீர்கள்: நீல வண்ணம் பூசிய என் ஸ்பானர், ஒரே அளவில் இரண்டு நட்டு, அத்தையின் இடுக்கி. கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு, "எஞ்சினுக்குள் கிடைத்தது, யாருடையதோ" என்று. வண்டியை வாங்கிய புதிதில் எடுத்திருப்பீர்கள் போலிருக்கிறது. அப்போது அந்த இடுக்கி எங்கள் அடுப்படியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் உங்கள்மேல் குற்றமில்லை. "மாப்பிள்ளை முன்கூட்டியே எடுத்து வச்சிருக்காரு பாருங்க, உங்களுக்கு அந்தப் பொறுப்பு இருக்கா?" என்று அத்தை உங்களைத்தான் மெச்சினாள். ஆனால் எனக்கு ஒரே ஒரு வருத்தம். தெரிந்திருந்தும் சொல்லாமல், சீட்டு மட்டும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை காந்தத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி வந்தது. கறுப்புக் கம்பிச் சட்டம், வலது பக்கக் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல், இடது காம்பில் பாப்பா சுற்றிவிட்ட பச்சை நூல். போன மாதம் அவள் அனுப்பிய உங்கள் படத்தை அத்தை பெரிதாக்கிப் பார்த்தாள். நூல் அப்படியே இருக்கிறது, விரிசல் மட்டும் இல்லை. கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. அத்தை அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தாள். கண்ணாடி போட்ட மனிதனின் முகத்திலிருந்து அது எஞ்சினுக்குள் எப்படிப் போகும்? எந்த வளைவில், எந்தப் பள்ளத்தில், பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கும்போது? எங்களுக்கு இருப்பது ஒரே பெண்.

ஆகவே, மாப்பிள்ளை, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பஸ்ஸில் வாருங்கள், பஸ்ஸிலேயே போங்கள். ஷெட் பக்கம் வரவேண்டாம். காரை நான் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறேன். உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். பாப்பாவை அந்த வண்டியில் ஏற்றவேண்டாம். நீங்கள் வாசலில் இறங்கியதும் முகத்தில் முழுசான கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் இங்கே அடுப்புப் பற்றவைக்கப்படும்.

நீங்கள் இருவரும் நீண்டகாலம் ஒன்றாகவும் முழுசாகவும் இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆசீர்வாதம். பாப்பாவிடம் இதைக் காட்டவேண்டாம்.

என்றும் உங்கள் நலம் கோரும்,
மாமா

பின்குறிப்பு: எழுதி முடித்த பக்கங்களை அலுவலகப் பழக்கப்படி கிளிப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, காந்தத்தைப் பரணில் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒரு கிளிப் ஒட்டிக்கொண்டு வந்தது. கிளிப்போடு இந்தக் கடிதமும் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், மேஜைமேல் இருந்தது மேஜைமேல்தான் இருக்கிறது. உள்ளேயிருந்து வந்தது சட்டைப் பையில் மடிந்து மடிந்து துணி மாதிரி ஆகியிருக்கிறது, வெதுவெதுப்பாக இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் உங்கள் கிரீஸ் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. அதில் இந்தப் பின்குறிப்பும் இருக்கிறது. முரண்படக்கூடாது என்று அதைப் பார்த்தே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, நீங்கள் எல்லாவற்றையும் படித்தீர்கள், மடித்துப் பையில் வைத்தீர்கள், நேராக ஷெட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து குனிந்தீர்கள், கண்ணாடியும் கடிதமும் உள்ளே விழுந்தன. நான் சொல்லி நீங்கள் எப்போது கேட்டீர்கள்? போகட்டும். மேலே எழுதியவை அனைத்தும் ரத்து. கண்ணாடி விழுந்தது மலைப்பாதையில் அல்ல, எங்கள் ஷெட்டில்தான் என்று தெரிந்ததே, அது போதும். அத்தை கரண்டிக் காம்பை எஞ்சினில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறீர்களாம். இப்போது பாப்பாவின் குரலும் கேட்கிறதாம்: "அப்பாதான் அவ்வளவு எழுதியிருந்தாரே, அப்புறம் என்னத்துக்குக் குனிஞ்சீங்க?"

உள்ளேயிருந்து வந்த பிரதியில் கடைசி வரி உங்கள் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது, படிக்க முடியவில்லை. அதனால் அதை மட்டும் என் சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன். மாப்பிள்ளை, இதை நீங்கள் எஞ்சின்மேல் குனிந்துகொண்டுதான் மறுபடி படிக்கிறீர்கள். கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.