வெள்ளிக்கிழமை இறங்கிய தூண்

மிட்சம்,
17.5.1991

அன்பும் மதிப்பும் மிக்க தவநாயகி அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நல்ல சுகம். ரெய்னர்ஸ் லேனில் நீங்களும் அப்படியே இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் சிரித்தே பில்லை ஏற்றிவிடுவேன், அதனால் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு எழுதுகிறேன். இவர் இன்னும் வேலையால் வரவில்லை.

இவருடைய புது வேலை தெரியும்தானே, தேம்ஸ் கரையில் படகுகள் நெருக்கியடித்து நிற்கிற துறையில் உக்கிப்போன மரத்தூண்களைப் பிடுங்கிவிட்டு இரும்புத்தூண் இறக்குவது. முதல் தூண் இன்றைக்கு இறங்காவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று மேலதிகாரி சொல்லிப்போட்டார். கிரேன் வந்தாயிற்று, படகுகள்தான் அசையவில்லை. நேற்று இவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினார்: "வெள்ளிக்கிழமை படகுக் கயிறு அவிழ்த்தால் கூடாதாம்! வெள்ளைக்காரனுக்கும் விசர் பிடிச்சிட்டுதப்பா!" அக்கா, எனக்கு ஒரே புளுகம், சந்தோஷத்தில் சிரிப்பே வந்துவிட்டது. கல்யாணம் கட்டின நாள் முதல், பி.எஸ்ஸி. படித்துவிட்டு இராகுகாலம் பார்க்கிறாள் என்று என்னைப் பகிடி பண்ணுகிற மனுசனல்லவா!

காலையில் "நானும் வாறன்" என்றேன். "நீ வந்து தேவாரம் பாடப்போறியோ?" என்றார். தண்ணீர் அவ்வளவு கிட்ட இருந்ததால், பிள்ளையின் புஷ்செயர் வண்டியை என் சால்வையால் கரையோரக் கம்பியோடு இறுக்கிக் கட்டிவிட்டு, படகுக்காரரின் தலைவரான ஆர்தர் கிழவரிடம் போனேன். "எங்கள் கணக்கில் வெள்ளி முழுக்கக் கெட்டதில்லை, பத்தரை தொடக்கம் பன்னிரண்டு மட்டுந்தான்" என்றேன். கிழவர் புகைந்துகொண்டிருந்த சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "ஒன்றரை மணித்தியாலம்தானா? ஐம்பது வருசமாக முழு நாளையும் வீணாக்கினேனே! சரி, பத்தரைக்கு முன் தூண் இறங்கும் என்பதற்கு நீ பொறுப்பா?" ஓம் என்று தலையாட்டிவிட்டேன். உடனே படகெல்லாம் விலகின, அக்கா, தேருக்கு வழிவிடுகிற சனம் மாதிரி! பிள்ளை பசியில் வீரிட, நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். பின்னேரம் இவர் போன் எடுத்தார்: தூண் நூல் பிடித்த மாதிரி இறங்கிவிட்டதாம், வேலை நிரந்தரமாம்! பார்த்தீர்களா, நேரத்துக்குச் செய்தால் எல்லாம் நடக்கும். இனி என்னை ஒருவரும் பகிடி பண்ண ஏலாது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொஞ்சல்.

உங்கள் தங்கை,
செல்வமலர்

பி.கு.: இவர் இப்போதுதான் வந்தார். தூணை அடித்து இறக்குகிற சம்மட்டி இயந்திரம் பழுதாகி, முதல் அடி விழும்போது பதினொரு மணியாம். நட்டநடு இராகுகாலம்! "ஐயோ, ஆர்தர் கேட்கேல்லையோ?" என்றேன். படகைக் கீழ்த்துறைக்குக் கொண்டுபோயிருந்த கிழவர், திரும்பி வந்ததும், தூண் எத்தனை மணிக்கு இறங்கியது என்று கேட்டாராம். "பத்தேகாலெண்டு சொல்லிப்போட்டன். உன்ர சொல்லும் நிக்கவேணுமெல்லோ" என்கிறார் இவர். இப்போது சோற்றைப் பிசைந்துகொண்டே, "திங்கட்கிழமை அடுத்த தூணுக்கு எத்தனை மணி நல்லமப்பா?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல, அக்கா?