பிரின்சிபாலுக்கு நான் சொன்ன புத்திமதி

இங்கிலீஷ் தெரியாமல் இருந்தவரைக்கும் நான் யாருக்கும் புத்திமதி சொன்னதில்லை. இதை என் மனைவி ஸ்டெல்லாவே ஒத்துக்கொள்வாள். நான் உண்டு, மல்லாபூரில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் பைப் கம்பெனி உண்டு என்று கிடந்தவன். என்னைக் கெடுத்தது அமீர்பேட்.

அப்போது எங்கள் மகள் ஜெனிக்கு நாலு வயது. ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சீட் கேட்டிருந்தோம். என்ஜினியர் வீட்டுப் பிள்ளைகளும் விஞ்ஞானி வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிற இடம். அங்கே குழந்தையைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் அப்பா அம்மாவைக் கேள்வி கேட்பார்கள், அதுவும் இங்கிலீஷில். (படிக்கப்போவது குழந்தை, பரீட்சை எங்களுக்கு. எந்த ஊர் நியாயமோ.)

ஸ்டெல்லா லாலாகூடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். இங்கிலீஷ் என்றதும், "நக்கோப்பா, எனக்கு வேணாம், அதெல்லாம் நீங்களே பார்த்துக்கோங்க" என்று கழன்றுகொண்டாள். நானோ ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்தவன், தமிழ் மீடியம். கம்பெனி மீட்டிங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிக்கும்போது என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து சிரிக்கிற ஆள். என் பெண் அந்த மாதிரி சிரிக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் மெட்ரோ ஏறி அமீர்பேட் போய் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

எங்கள் மாஸ்டர் ஒரு தினுசான ஆள். கிராமர் புத்தகத்தைக் கண்ணிலேயே காட்டமாட்டார். வாரத்துக்கு ஒரு வாக்கியம் போர்டில் எழுதுவார், பாதியில் நிறுத்திவிடுவார். மீதியை நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். வகுப்பில் சொன்னால் கணக்கில் சேராது. வெளியே போய், உயிரோடு இருக்கிற மனிதர்களிடம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாக்கியத்தை எல்லோரும் படித்த வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட். காரணம் சொல்லும் வாக்கியம் நடந்த வாரமும் அதே கதை. ஒருவழியாக ஷிப்ட் மாறி நான் போய் உட்கார்ந்த வாரம், போர்டில் இருந்தது இதுதான்: "இஃப் ஐ வேர் யூ, ஐ வுட்..." அதாவது, நான் நீங்களாக இருந்தால் இப்படிச் செய்வேன். எதிராளி மனம் கோணாமல் யோசனை சொல்வதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது என்றார் மாஸ்டர்.

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. நம்ம ஊரில் மேலதிகாரிக்கு யோசனை சொன்னால் அதிகப்பிரசங்கி என்பார்கள். அதையே இங்கிலீஷில் சொன்னால் மரியாதையாமே. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேனே என்று வருத்தமாகவே இருந்தது.

அந்த வாரம் முழுக்க என் கையில் மாட்டாத ஆள் இல்லை. நான் நீங்களாக இருந்தால் இந்த மிஷினை இடம் மாற்றுவேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். மெட்ரோவில் பையைச் சோதிக்கிற செக்யூரிட்டியிடம், நான் நீங்களாக இருந்தால் ஸ்டூல் போட்டு உட்காருவேன் என்றேன். நான் நீயாக இருந்தால் சாம்பாரில் உப்பைக் குறைப்பேன் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். மறுநாள் சாம்பாரில் உப்பே இல்லை. கேட்டதற்கு, "நான் நானாத்தான் இருக்கேன், பேசாம சாப்பிடுங்க" என்றாள். ஜெனி மட்டும் என் பின்னாலேயே திரிந்தாள். பொம்மையைப் படுக்கவைத்து, "இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் ஸ்லீப்" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்டர்வியூ நாள் வந்தது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டேன். (பொத்தான் போடவில்லை. போட முடியவில்லை என்பதே உண்மை.)

பிரின்சிபால் மேடம் அறையில் பெரிய மீன்தொட்டி இருந்தது. அதன் பக்கத்தில் நின்று மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்து உட்காரச் சொன்னார். அவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? "இஃப் ஐ வேர் யூ மேடம், ஐ வுட் சிட் ஃபர்ஸ்ட்" என்றேன். மேடம் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஆரம்பமே அமோகம் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் இங்கிலீஷில்.

அதுதான் செகண்ட் ஷிப்டில் போய்விட்டதே. என்னிடம் இருப்பது ஒரே வாக்கியம். "நான் நீங்களாக இருந்தால், என்னைப் பற்றிக் கேட்கமாட்டேன். என் மகளைப் பற்றிக் கேட்பேன்" என்றேன். இதுவும் அதே மரியாதையான இங்கிலீஷில்தான்.

ஸ்டெல்லா என் தொடையைக் கிள்ளினாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"சரி, எங்கள் பள்ளியை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்?"

"நான் நீங்களாக இருந்தால், இந்தக் கேள்வியையும் கேட்கமாட்டேன். எல்லாரும் பொய்தான் சொல்வார்கள்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. தலைக்குமேல் ஃபேன் கிரீச்சிட்டது. நான் நீங்களாக இருந்தால் அதற்கு எண்ணெய் போடுவேன் என்றேன். மீன்தொட்டியைக் காட்டி, நான் நீங்களாக இருந்தால் இந்த மீன்களுக்கு இன்னும் பெரிய வீடு கொடுப்பேன் என்றேன். (நாங்கள் மூன்று பேரும் அப்போது ஒற்றை அறையில் குடியிருந்தோம். எனக்கு மீன்மேல் அக்கறை.) ஸ்டெல்லா கிள்ளிக் கிள்ளிக் களைத்துப்போய் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மேடம் முன்னால் சாய்ந்து, நிதானமாகக் கேட்டார். "மிஸ்டர் அமல்ராஜ், நீங்கள் நானாக இருந்தால், இந்தக் குழந்தைக்கு சீட் கொடுப்பீர்களா?"

என் வாக்கியத்தை எடுத்து யாராவது என்மேலேயே வீசுவார்கள் என்று மாஸ்டர் சொல்லித்தரவில்லை. கொடுப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த அம்மாள் நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் பார்த்தேன். எதிரில் பொத்தான் போடாத கோட்டோடு ஒரு ஆள் உட்கார்ந்து மீனுக்கு வீடு கேட்கிறான். இவனை எழுப்பி வெளியே அனுப்பத்தான் தோன்றியது. "இஃப் ஐ வேர் யூ... ஐ வுட்... ஐ வுட்..." என்று திக்கினேன். வியர்த்து ஊற்றியது. என் பெண்ணின் சீட்டை நானே என் வாயால் கெடுத்துவிட்டேன் என்று புரிந்தபோது அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது.

மீன்தொட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்த ஜெனி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு மேடத்திடம் வெகு மரியாதையாகச் சொன்னாள்:

"இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் கிவ் டாடி வாட்டர்."

மேடம் எழுந்து, தன் மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தானே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிறகு ஜெனியிடம் குனிந்து, இப்படிப் பேச யார் சொல்லிக்கொடுத்தது என்று தெலுங்கில் கேட்டார்.

"மா நான்னா" என்றாள் ஜெனி. எங்க அப்பா என்று.

எனக்கு அந்தத் தண்ணீர் புரையேறிவிட்டது. கோட்டு, மேஜை, மேடத்தின் கண்ணாடி எல்லாவற்றின்மேலும் தெளித்தேன். மேடம் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். "சீட் குழந்தைக்குத்தான். அப்பாவுக்கு இல்லை" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஸ்டெல்லா எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, "எதுக்கு பேசறீங்க அவ்வளவு? கைக்கு?" என்று, ஏன் என்பதைத் தன் ஊர் ஹிந்தியிலும் ஒரு தடவை கேட்டு ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் அது ஒரு சட்டமாகிவிட்டது. நான் எங்கேயாவது யோசனை சொல்ல வாயெடுத்தால், யாராவது எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்கள். லாலாகூடாவில் மாமனார் வீட்டில், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மச்சான் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவான்.

ஜெனி இப்போது அதே பள்ளியில் பெரிய வகுப்பு. பேச்சுப்போட்டியில் அவள் வாங்கிய கப்புகளை வைக்க எங்கள் ஷோகேஸில் இடம் போதவில்லை. போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். முடிவில் மேடம் மைக்கைப் பிடித்து, பெற்றோர்கள் யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லலாம் என்றார். எனக்கு இருந்தது. எழுந்தேன். கோட்டைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தேன்.

வாய் திறப்பதற்குள், ஓரமாக நின்றிருந்த வாலண்டியர் பிள்ளைகளில் ஒருத்தி தட்டில் ஒரே ஒரு டம்ளர் தண்ணீரோடு நேராக என்னிடம் வந்தாள். மேடையில் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் என்ன விஷயம் என்று என்னைப் பார்த்தார்.

"என் பொண்ணு சார்" என்றேன்.